கைக்கு ஒன்றும் இல்லை

மதுரை
22-9-2024

அத்தானுக்கு,

லட்சுமி எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் பயந்துபோவீர்கள். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். எடுத்தாலும் "சாப்பிட்டியா, சரி வச்சிருதேன்" என்பதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து ஒன்றும் வராது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது அல்லவா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊரில் வேறு கதை சொல்லிச் சொல்லி, அதுதான் நிஜம் என்று நீங்களே நம்பத் தொடங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு வந்தது மார்பில் புற்று. சித்திரையில் இடது மார்பை எடுத்தார்கள். ஆவணி வரை மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. இப்போது இங்கே தங்கிக் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்துக்கொள்கிறேன். இதில் கை எங்கே வருகிறது? நம் ஊரில் மட்டும்தான் எனக்குக் கையில் கட்டி. முடி கொட்டியதைக்கூடக் கழுகுமலையில் நேர்ச்சைக்கு மொட்டை போட்டதாகச் சொல்லிவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்புதான்.

இந்த ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடியில் ஓர் அறை இருக்கிறது. கரண்ட் வைத்து முடித்தவர்கள் மத்தியானம் வரை அங்கே இருக்கலாம். படம் போடலாம், பாடலாம், மண் பிசையலாம். இசக்கிச்செல்வி என்று ஒரு பெண், அதற்கென்றே படித்துவிட்டு வந்து வேலை பார்க்கிறது. முதல் வாரம் முழுக்க நான் உள்ளே போகவில்லை. சாகக் கிடக்கிறவளுக்கு என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கிறது என்று வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் மின்விசிறிக்காகத்தான் உள்ளே போனேன். அந்தப் பெண் ஒரு உருண்டை மண்ணைக் கையில் கொடுத்து, "மனசுல வர்றதச் செய்ங்கம்மா" என்றது.

மண்ணைத் தொட்டதும் எனக்கு உருவாரம்தான் ஞாபகம் வந்தது. கண் வலி என்றால் மண்ணில் கண், கால் வலி என்றால் கால் என்று நம் அம்மனுக்குச் செய்து வைப்போமே, அது. ஆபரேஷனுக்கு முன்னால் நான் எதை நேர்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பங்குனிப் பொங்கலில் என் பேருக்கு நீங்கள் எதைக் கொண்டுபோய் வைத்தீர்கள் என்பது எனக்கும் தெரியும். கையை வைத்தீர்கள். ஆகவே விட்டுப்போன மார்பை நானே செய்தேன்.

செய்து முடித்து, உள்ளே ஒரு புளியங்கொட்டையை வைத்து மேலே மண் பூசினேன். கட்டி அப்படித்தானே இருந்தது? பார்த்தால் தெரியாது, விரல் வைத்தால்தான் தெரியும். அறையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வாங்கி விரல் வைத்துப் பார்த்தார்கள். அதுவரை ஊர்ப் பேரைக்கூடச் சொல்லாதவர்கள், "எனக்கு இங்கன இருந்துச்சு", "எனக்குக் கக்கத்துக்கிட்ட" என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "எங்க வீட்டுக்காரரு கொசு கடிச்சிருக்கும்னு சொன்னாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மாசிக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான் அத்தான்.

வெள்ளிக்கிழமை அதையெல்லாம் வராந்தாவில் மேஜை போட்டு வைத்தார்கள். நீங்கள் வருவது தெரியாது. உங்கள் அக்கா சொர்ணத்தாய் மதினியும் கடம்பூர்ப் போளியோடு கூட வருவது அதைவிடத் தெரியாது. நீங்கள் மேஜையைப் பார்த்தீர்கள், துண்டுச்சீட்டில் என் பேரைப் பார்த்தீர்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினீர்கள். அப்படியே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டீர்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. செய்ததற்காக இல்லை. போகிறவர் என் புருஷன் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதற்காக.

இசக்கிச்செல்வி அழாத குறையாக வந்து நின்றது. "உங்களக் கேக்காம பேரு எழுதி வச்சது என் தப்புதாம்மா" என்றது. அந்தப் பெண்ணுக்கு இருக்கும் மனசுகூட உங்களுக்கு இல்லையே.

அதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தீர்கள்? அதையாவது எழுதுங்கள்.

செல்வலட்சுமி


கீழக்கரிசல்குளம்
26-9-2024

லட்சுமிக்கு ராமசுப்பு எழுதுவது.

கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். பெருமாள்சாமி உறையை எட்டிப் பார்த்துவிட்டு, "கைவலியிலயும் மதினி எழுத்து முத்து முத்தா இருக்கே அண்ணாச்சி" என்றான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் எடுக்கவில்லை. அதனால் நானும் எழுதுகிறேன்.

நான் உன்னை மூடவில்லை. அந்த மண்ணை மூடினேன். ஆம்பளை பொம்பளை போகிற வருகிற வழியில், பேரும் எழுதி, ஊரும் எழுதி வைத்தால் எந்தப் புருஷன் பார்த்துக்கொண்டு நிற்பான்? கழுகுமலையிலிருந்து ஒருத்தன் அங்கே வந்திருந்தால் என்ன ஆகும்? வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் வைத்தியத்தைப் பார். பொம்மை செய்வதற்கு உன்னை அனுப்பவில்லை.

அக்கா கோவில்பட்டி வந்து சேருகிற வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளிடமும் கை என்றுதானே சொல்லியிருந்தேன். பொய் சொன்னவன் என்று ஆகிவிட்டது, அதுவும் இப்படி ஒரு விஷயத்தில். எனக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது.

அதை வழியில் ஓடையில் எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்கா, "அத இங்கன குடுலே" என்று பிடுங்கித் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டாள். என்னைவிட அவளுக்கு அருவருப்பாக இருந்திருக்கும். கண்காணாத இடத்தில் போட்டிருப்பாள்.

சாமிக்கு எதை வைத்தால் என்ன? நமக்கு எது என்று அந்த அம்மனுக்குத் தெரியாதா?

நீ எழுதாமல் விட்ட சில உண்டு. ஆபரேஷன் முடிந்த பிறகு குழாயில் வந்த ரத்தநீரைத் தினமும் அளந்து ஊற்றியது யார்? கஞ்சி வைத்தது யார்? நீ வாந்தி எடுத்த சட்டியைக் கழுவியது யார்? இதெல்லாம் உன் கண்ணில் படவில்லை. ஒரு துண்டைப் போட்டது மட்டும் பட்டுவிட்டது.

மேற்குப் புஞ்சை உழுது போட்டாயிற்று. மழைக்கு முன்னால் பாசியும் உளுந்தும் விதைத்தாக வேண்டும். நான் அடிக்கடி அங்கே வர முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ராமசுப்பு


மதுரை
30-9-2024

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னது நிஜம். சட்டி கழுவினீர்கள், கஞ்சி வைத்தீர்கள். அந்த நாலு மாதமும் வேறு எந்த வீட்டு ஆம்பளையும் செய்யாததைச் செய்தீர்கள். அதை நான் யாரிடமும் குறைத்துச் சொன்னதில்லை. இங்கே உள்ளவர்களிடம் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் என் ரவிக்கைக் கொக்கியை மாட்டிவிடும்போது நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். தினமும் சுவரைத்தான் பார்த்தீர்கள். நர்ஸ் கட்டுப் பிரிக்க வந்தால் டீ குடிக்கப் போய்விடுவீர்கள். அந்த நாள்களில் எத்தனை டீ குடித்தீர்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்த இடம் எப்படி இருக்கிறது என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. குழாயைப் பார்த்தீர்கள், சட்டியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கக் கூச்சம். அறுத்த இடத்தைப் பாருங்கள் என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்?

சாமிக்குத் தெரியாதா என்று எழுதியிருக்கிறீர்கள். சாமிக்குத் தெரிந்தால் பரவாயில்லை, பெருமாள்சாமிக்குத் தெரிந்தால்தான் குடி முழுகிவிடுமா?

நேற்று மாரிராஜிடம் பேசினேன். நீங்கள் துபாய்க்குப் போன் போட்டு நம் பிள்ளையிடமும் கை என்றே சொல்லி வைத்திருக்கிறீர்கள். "அம்மா, கை வீக்கம் வத்திருச்சா?" என்று கேட்டான். இரண்டு வயசு வரை பால் குடித்தவன் அவன். குடித்தது கையிலா? எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம், "அப்பா ஏம்மா எங்கிட்ட இப்படிச் சொன்னாவ?" என்றான். "அவியகிட்டயே கேளு" என்று விட்டுவிட்டேன். கேட்டானா?

வெள்ளிக்கிழமை, நாலாம் தேதி, அந்த அறைக்குக் கூட இருப்பவர்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தாளைத் தரையில் விரித்து நாங்கள் படுத்துக்கொள்ள வேண்டும். புருஷனோ, மகளோ, தங்கச்சியோ உடம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட வேண்டும். அப்புறம் அந்த உருவத்துக்குள் அவரவர் விருப்பப்படி வர்ணம் தீட்டிக்கொள்ளலாம். மூடித்தான் இருப்பேன், பயப்பட வேண்டாம். கோடு போடுவதற்குக் குனிந்து பார்த்தால் போதும்.

விதைப்பு ஒருநாள் பிந்தினால் ஒன்றும் ஆகாது. விதைப்பைப் பார்த்துக்கொள்ளப் பிச்சையாவை நிறுத்திவிட்டு வாருங்கள். நான் உங்களிடம் வாய்விட்டுக் கேட்பது இது ஒன்றுதான்.

செல்வலட்சுமி


கீழக்கரிசல்குளம்
6-10-2024

லட்சுமிக்கு,

வரவில்லை. மழை மூட்டம் போட்டது, விதைப்பை நிறுத்த முடியவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மழை மூட்டம் போட்டது நிஜம். ஆனால் அன்று காலையில் வேட்டி கட்டி, கழுகுமலை வரைக்கும் மினி பஸ்ஸில் வந்தேன். கோவில்பட்டி பஸ் வந்து நின்றது, போயிற்று. அடுத்ததும் வந்து போயிற்று. அத்தனை பேருக்கு நடுவில் தரையில் குனிந்து கோடு போடுவதை நினைத்தால் கால் எழவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிச்சையா, "என்ன அண்ணாச்சி, மதினியப் பாத்துட்டு அதுக்குள்ள வந்துட்டீக?" என்றான். பஸ் கிடைக்கவில்லை என்றேன்.

மாரிராஜ் கேட்டான். பெற்ற பிள்ளையிடம் திட்டு வாங்கினேன். உனக்குத் திருப்திதானே?

ஏன் கை என்று நீ கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒன்றை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் உருவாரம் செய்யச் சொல்வதற்கு, மண் வேலை செய்கிற வேளார் வீட்டுக்குப் போனேன். போகும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். அங்கே அவரோடு கூட இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன், கை என்று வந்துவிட்டது. "யாருக்கு?" என்றார்கள். "வீட்டுல, அவளுக்குக் கையில கட்டி" என்றேன். ஒரு தடவை சொன்ன பிறகு மாற்ற முடியுமா? அன்றிலிருந்து எல்லோருக்கும் கைதான். அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை, ஒரு மரியாதை மாதிரி இருந்தது.

இப்போது ஊரே உன் கையை விசாரிக்கிறது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மூலிகை எண்ணெய் காய்ச்சி ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறாள். அம்மன் கை கொடுத்துவிட்டாள் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இத்துடன் பார்சலில் மருந்துக்கடைக் கட்டுத்துணி ஒன்று அனுப்பியிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் உனக்குக் கரண்ட் முடிந்துவிடும் அல்லவா? ரயிலில் கோவில்பட்டி வந்து இறங்கும்போது இடது கையில் முழங்கை வரை சுற்றிக்கொள். பத்து நாள் சுற்றியிரு. பிறகு குணமாகிவிட்டது என்று அவிழ்த்துவிடலாம். அதோடு எல்லாப் பேச்சும் முடிந்துபோகும். நம் மானம் நம்மோடு இருக்கட்டும்.

பாசி விதைத்தாயிற்று.

ராமசுப்பு


மதுரை
10-10-2024

அத்தானுக்கு,

கட்டுத்துணி வந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் மகனுக்குக் கால் பிசகியிருந்தது, அவனுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல துணி, நன்றாக இருக்கிறது என்றான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் அவரவர் ஆளோடு வந்திருந்தார்கள். ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல் இருக்கும், குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து தன் வீட்டுக்காரிக்குக் கோடு போட்டார். கோடு கோணல்மாணலாகப் போயிற்று. "என்ன, என்னையப் பூசணிக்கா மாதிரி போட்டிருக்கீரு?" என்று அந்த அம்மா திட்டினார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கடைசியில் எனக்கு இசக்கிச்செல்விதான் கோடு போட்டது. கழுகுமலை வரைக்கும் வந்தீர்கள் என்று இப்போது படிக்கும்போது, வராமலே இருந்திருந்தால் தேவலை என்றிருக்கிறது.

அந்த உருவத்துக்குள் எல்லா இடமும் வர்ணம் தீட்டினேன். இடது பக்கம் மட்டும் என்ன போடுவது என்று தெரியவில்லை. அப்புறம் உழுத நிலத்தைப் போட்டேன். கறுப்பு வர்ணம் தீர்ந்துபோயிற்று. இன்னும் விதைக்காத நிலம். அழகாக இல்லைதான். ஆனால் என்னுடையது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதல் தடவையாக எனக்கு அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. குளியலறையில் போய்த் தொட்டுப் பார்த்தேன். நானும் அதுவரை சுவரைத்தான் பார்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன் அத்தான். அதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

மரியாதை மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு மரியாதை? உங்களுக்கு. எனக்கு என்ன இருந்தது தெரியுமா? வீட்டுக்கு வருகிறவர்களிடம் நல்ல கையைத் தூக்கிக் காட்டி, "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வலித்தது வேறு இடத்தில். வலிக்கிற இடத்தைக் காட்ட முடியாமல் வலியைப் பொறுப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முடிவாகச் சொல்கிறேன். கட்டுச் சுற்றிக்கொண்டு நான் கோவில்பட்டியில் இறங்க மாட்டேன். ஊருக்கு நிஜத்தைச் சொல்லுங்கள். மைக் வைத்துச் சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களிடம் சொன்னால் போதும். இல்லையென்றால் ரயில் கோவில்பட்டியைத் தாண்டியும் போகிறது. மணியாச்சியில் முனீஸ்வரன் வீட்டில் இருந்துகொள்வேன். "நீ வா அக்கா, ரயில்வே குவார்ட்டர்ஸ்ல உனக்கு ஒரு கட்டில் போட இடமில்லையா?" என்கிறான் தம்பி. உங்கள் அக்காவிடம் பேசினீர்களா? மதினி எனக்குப் போன் போடவே இல்லை. அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று எனக்கும் இருக்கிறது.

செல்வலட்சுமி


கீழக்கரிசல்குளம்
18-10-2024

லட்சுமிக்கு,

இந்தக் கடிதத்தைச் சொர்ணத்தாய் அக்கா உன் கையில் கொடுப்பாள். அவளைப் பார்த்ததும் உனக்குப் பாதி புரிந்துவிடும். மீதியை நான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டாள். "போன்ல பேசுனா நீ முழுங்கிருவ. எழுது" என்றாள்.

புதன்கிழமை காலையில் நான் புஞ்சைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கடம்பூரிலிருந்து தனியாக வந்து இறங்கினாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, முந்திக்கொண்டு நானே, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில உனக்கு அசிங்கமாப் போச்சு, மன்னிச்சுக்கக்கா" என்றேன். அவள் கூடையிலிருந்து என் துண்டை எடுத்து அவிழ்த்தாள். நீ செய்த மண் உருவம். போட்டுவிட்டிருப்பாள் என்று நினைத்தேனே, உடையாமல் வைத்திருக்கிறாள். "விரல வச்சுப் பாருலே" என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் கையைப் பிடித்து இழுத்து வைத்தாள். புளியங்கொட்டை தட்டுப்பட்டது.

"எனக்கும் இப்படித்தாம்லே இருக்கு" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பங்குனிப் பொங்கலுக்கு வந்தப்பவே எனக்கு இருந்துச்சு. நீ மண்ணுக் கைய ஏந்திக்கிட்டுப் போன. நான் பின்னாலயே வந்தேன். லட்சுமி குடுத்து வச்சவ, அவளுக்குக் கையில வந்திருக்கு, நாலு பேருகிட்டச் சொல்லிக்கிடலாம்னு நினைச்சேன். எனக்கும் கையா இருந்தா நானும் சொல்லிருப்பேம்லே. அன்னைக்கு அந்த மேசையில அத நீ மூடுறதுக்கு முன்னால விரல வச்சுட்டேன். பஸ்ஸுல வரும்போது எனக்கு வாயே வரல. பயத்துல."

பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்து வந்ததை அருவருப்பு என்று உனக்கு எழுதினேன்.

மறுநாள் அவளையும் அவள் மகன் கண்ணபிரானையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் போனேன். டோக்கன் கொடுக்கும் பெண், "யாருக்கு, என்ன பிரச்சினை?" என்று கேட்டது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். இப்போது எழுதப்போவதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. கட்டி யாருக்கு, எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். "அக்காவுக்கு, கையில" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயசில் நான் காலைச் சேற்றில் விட்டுவிட்டு வந்து நிற்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "மாருல கட்டி தாயி. இவன் சொன்னத எழுதாத" என்றாள். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, லட்சுமி. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காகவா இத்தனை மாதம்?

டாக்டர் பார்த்துவிட்டு, உடனே மதுரைக்குப் போங்கள் என்றார். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். அக்கா, "நீ வராத. வந்தா அங்கனயும் கைன்னுதான் சொல்லுவ. கண்ணபிரான் வருவான், அங்க லட்சுமி இருக்கா" என்றாள். கண்ணபிரான் முன்னால் சொன்னாள். நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று இருக்கிறேன். ஊரில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மாரிராஜுக்கு மட்டும் போன் போட்டு, நான் செய்தது தப்பு என்றேன். டீக்கடைப் பக்கம் போகாமல் இருக்கிறேன். போனால் கேட்பார்கள், கேட்டால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

பங்குனியில் வேளார் வீட்டில் நான் ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லியிருந்தால், அம்மனுக்கு முன்னால் அக்கா அதைப் பார்த்திருப்பாள். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பாள். இதை நினைக்காமல் என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை.

ராமசுப்பு


மதுரை
23-10-2024

அத்தானுக்கு,

மதினி நேரே என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "படி, நான் கொஞ்சம் தலையச் சாய்க்கேன்" என்று படுத்துவிட்டார்கள். நான் படித்து முடித்தபோது விழித்துத்தான் இருந்தார்கள்.

எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று. உங்களிடம் எதையும் மூடப்போவதில்லை. கட்டி பெரியது, கக்கத்துக்கும் போயிருக்கிறது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். பிழைக்க வைக்கலாம், ஆனால் சுலபமாக இருக்காது என்று டாக்டர் சொன்னார். "இன்னும் முன்னால வந்திருக்கலாமே, ஏன் வரல?" என்று கேட்டார். மதினி தரையைப் பார்த்தார்கள். உங்கள் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்களைத் தேற்றி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. அதெல்லாம் உங்கள் தப்பில்லை என்று எழுதினால் அது இன்னொரு கை. தப்புதான். உங்கள் தப்பு, நல்ல கையைத் தூக்கிக் காட்டிய என் தப்பு, கோவில்பட்டி டாக்டரிடம் வந்திருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு வார்த்தைக்கு நாம் இரண்டு பேரும் பயந்த தப்பு. வைத்துக்கொண்டு வாழத்தான் வேண்டும்.

மதினியை அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். மண்ணைக் கொடுத்தால், "எங்க கரிசல்ல மிதிச்ச மண்ணு பத்தாதா?" என்று தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். பாடச் சொன்னதற்குக் களை வெட்டுப் பாட்டைப் பாடினார்கள், நடுவில் மறந்துபோய் அறையில் எல்லோரையும் திட்டினார்கள். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறது, சின்ன வயசு, யாரோடும் பேசாது. அது மதினியின் மடியில் தலை வைத்து அழுதது. மதினி அதன் தலையைத் தடவிக்கொண்டே, "உனக்கு எந்தப் பக்கம்ட்டி?" என்று கேட்டார்கள். அது சொன்னது. கூட வந்த அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னதாம். இசக்கிச்செல்வி ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டது.

எனக்கு வெள்ளிக்கிழமையோடு கரண்ட் முடிகிறது. ஆனால் மதினிக்கு முதல் மருந்து ஏற்றும்வரை நான் இங்கேயே இருக்கிறேன். கண்ணபிரான் பாவம், ஆம்பளைப் பையன், எத்தனை நேரம் வராந்தாவில் நிற்பான்? தீபாவளிக்கு நான் இல்லை. ஊரில் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லித் தரமாட்டேன்.

இன்று காலையில் குளிக்கப் போகும்போது மதினி, "எனக்கும் எடுத்தா எப்படி இருக்கும்? காட்டுட்டி" என்றார்கள். கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையைக் கழற்றினேன். நேராகப் பார்த்தார்கள். கிட்ட வந்து, தழும்பின் மேல் முழு உள்ளங்கையையும் வைத்தார்கள். கை சூடாக இருந்தது. "இம்புட்டுத்தானா?" என்றார்கள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதோம். டாக்டரையும் நர்ஸையும் விட்டால், அதைப் பார்த்த முதல் ஆள் உங்கள் அக்கா. நீங்களாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மதினியைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள், என்னைப் பார்க்க வாருங்கள். வழியில் யார் கேட்டாலும் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டீ குடித்துவிட்டே வந்துவிடுங்கள். நான் கதவைச் சாத்துவேன். சுவரைப் பார்த்தால் அப்படியே திரும்பிப் போய்விடலாம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், மணியாச்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொள்வேன். பார்த்தீர்களென்றால், அவசரப்படாமல் பாருங்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

செல்வலட்சுமி